நாட்பட்ட ஒற்றைத் தலைவலிக்கான சிறப்பு மருத்துவ ஆலோசனை

நாட்பட்ட ஒற்றைத் தலைவலி என்பது, மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, இந்நிலை மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்து, அந்நாட்களுள் குறைந்தது 8 நாட்களிலாவது வலி ஒற்றைத் தலைவலியின் இயல்புகளைக் கொண்டிருக்கும் நோய்நிலை ஆகும். பேச்சு வழக்கில் இது மைக்ரேன் என்றே பரவலாக அறியப்படுகிறது. இந்நோயுடையோர் நரம்பியல் மருத்துவரையோ தலைவலிச் சிறப்பு மருத்துவரையோ அணுகும்போது நோயறிதல் எவ்வாறு நடைபெறுகிறது, நோயாளி எவற்றைத் தெரிவிக்க வேண்டியுள்ளது, எத்தகைய மருத்துவம் அளிக்கப்படுகிறது என்பன பற்றியது இக்கட்டுரை.

இந்நோயை உறுதிப்படுத்தும் இரத்தப் பரிசோதனையோ படமெடுப்போ கிடையாது. நோயாளி கூறும் வரலாறும் அவர் எண்ணி வைத்திருக்கும் தலைவலி நாட்களுமே நோயறிதலுக்கு அடிப்படையாகின்றன. ஆகவே மற்ற பல நோய்களைக் காட்டிலும் இந்நோயில் நோயாளியின் பங்கு பெரிது.

பெயர்

மைக்ரேன் என்னும் சொல் பாதி மண்டையைக் குறிக்கும் எமிகிரேனியா என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒற்றைத் தலைவலி, ஒருபக்கத் தலைவலி ஆகிய தமிழ்ப் பெயர்களும் இதே பொருளைத் தருகின்றன. எனினும் இப்பெயர்கள் ஒரு தவறான எண்ணத்தையும் தோற்றுவிக்கின்றன. வலி ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரு பக்கமும் வலிப்பதால் தமக்கு இருப்பது ஒற்றைத் தலைவலி அன்று என நம்பி, ஆண்டுக்கணக்கில் வேறு காரணங்களைத் தேடுவோர் உள்ளனர்.

வரையறை

பன்னாட்டுத் தலைவலிக் கழகம் தலைவலி நோய்களை வகைப்படுத்தி 1988ஆம் ஆண்டில் முதல் பட்டியலை வெளியிட்டது. அதன் மூன்றாம் பதிப்பு 2018ஆம் ஆண்டில் முழு வடிவில் வெளியானது. இதன்படி, மருந்து எடுத்துக்கொள்ளாவிடில் ஒற்றைத் தலைவலி 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். ஒரு பக்கமாக வலித்தல், நாடித்துடிப்புப் போல் விண்விண்ணென்று தெறித்தல், மிதமான அல்லது கடுமையான வலி, படியேறுதல் போன்ற அன்றாடச் செயல்களால் வலி மிகுதல் ஆகிய நான்கனுள் ஏதேனும் இரண்டு இருந்தால் போதும். அதனுடன் குமட்டல் அல்லது வாந்தி இருக்கவேண்டும். அல்லது வெளிச்சம், ஓசை இரண்டுமே பொறுக்க இயலாதவையாக இருக்கவேண்டும். இத்தகைய தாக்குதல் குறைந்தது ஐந்து முறை வந்திருந்தால் நோய் உறுதி செய்யப்படுகிறது.

நோயாளிகளுள் ஒரு பகுதியினருக்கு வலிக்கு முன்னர் கண்ணெதிரே மின்னும் கோணல்மாணலான கோடுகளோ பார்வையில் மறைவுப் புள்ளியோ தோன்றும். இது ஆரா எனப்படுகிறது. ஒவ்வோர் அறிகுறியும் பொதுவாக 5 முதல் 60 நிமிடங்களுக்குள் மறைந்துவிடும்.

மாதம் 15 நாட்களுக்குக் குறைவாக வருவது இடைவிட்ட ஒற்றைத் தலைவலி எனப்படும். இவ்வகையினருள் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஏறத்தாழ 2 அல்லது 3 பேர் நாட்பட்ட நிலைக்கு மாறுகின்றனர். வலிநிவாரணிகளை அடிக்கடி உட்கொள்ளுதல், உடற்பருமன், குறட்டை உள்ளிட்ட தூக்கக் கோளாறுகள், மனச்சோர்வு ஆகியன இம்மாற்றத்துடன் தொடர்புடையவை. நாட்பட்ட நிலை திரும்பி வர இயலாத ஒன்று அன்று. தகுந்த மருத்துவத்தால் பலர் மீண்டும் இடைவிட்ட நிலைக்குத் திரும்புகின்றனர்.

பரவல்

உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டோர் ஒற்றைத் தலைவலி உடையவர்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு முதல் மூன்று மடங்கு மிகுதி. நாட்பட்ட வகை மக்கள்தொகையில் ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காட்டினரிடம் காணப்படுகிறது. கர்நாடகத்தில் நடத்தப்பட்டு 2015ஆம் ஆண்டில் வெளியான வீடுவீடான ஆய்வொன்று, வயதுவந்தோரிடையே ஓராண்டில் ஒற்றைத் தலைவலி இருந்தோர் 25.2 விழுக்காடு எனக் கண்டது. இவ்வளவு பரவலான நோய் "வெறும் தலைவலிதானே" என்று ஒதுக்கப்படுவது வியப்புக்குரியது.

சிறப்பு மருத்துவரை அடையும் முன்

நோயாளி நரம்பியல் மருத்துவரிடம் முதலிலேயே செல்வது அரிது. கண்ணைச் சுற்றி வலிப்பதால் கண் மருத்துவரிடமும், நெற்றியும் கன்னமும் கனப்பதால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும், தாடை வலித்தால் பல் மருத்துவரிடமும் செல்கின்றனர். மூக்குக் கண்ணாடி மாற்றப்படுகிறது; "சைனஸ்" என்று பெயரிடப்பட்டு நுண்ணுயிர்க்கொல்லிகள் தரப்படுகின்றன. தமக்கு இருப்பது சைனஸ் தலைவலி எனக் கூறிய 2,991 பேரை ஆராய்ந்து 2004ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வில், 88 விழுக்காட்டினருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகையே எனத் தெரியவந்தது. ஒற்றைத் தலைவலியின்போது மூக்கடைப்பும் கண்ணில் நீர் வடிதலும் ஏற்படக்கூடும் என்பதே இக்குழப்பத்துக்குக் காரணம்.

தமிழ்நாட்டில் வழங்கும் "பித்தத் தலைவலி" என்ற பெயரும் இவ்வகையினதே. வாந்தி எடுத்தபின் ஒற்றைத் தலைவலி தணிவது உண்டு. வாந்தியில் மஞ்சள் நிற நீர் வெளிவருவதால் பித்தமே நோய்க்கு முதல் எனக் கருதப்பட்டது. உண்மையில் வாந்தி இந்நோயின் ஒரு கூறே தவிர, காரணம் அன்று.

எத்தகைய மருத்துவரை அணுகுவது

இந்தியாவில் நரம்பியல் மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பின் பொது மருத்துவம் அல்லது குழந்தை மருத்துவத்தில் எம்.டி. முடித்து, அதன்மேல் மூன்றாண்டு டி.எம். நரம்பியல் படித்தவர் ஆவார். நரம்பியல் அறுவை மருத்துவர் வேறு துறையினர். ஒற்றைத் தலைவலிக்கு அவரைத் தேடிச் செல்லவேண்டிய தேவை பொதுவாக இல்லை. "நரம்புத் தளர்ச்சி" என்னும் சுவர் விளம்பரங்களால் "நரம்பு மருத்துவர்" என்ற சொல்லுக்கே ஒரு கூச்சம் ஏற்பட்டுவிட்டது. அவ்விளம்பரங்களுக்கும் நரம்பியலுக்கும் தொடர்பில்லை.

இந்தியாவில் பரிந்துரைக் கடிதம் இன்றியே சிறப்பு மருத்துவரைப் பார்க்க இயலும். தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் நரம்பியல் புறநோயாளர் பிரிவு உள்ளது. பிரித்தானியாவின் தேசிய நலச் சேவையில் குடும்ப மருத்துவரின் பரிந்துரை தேவை. தலைவலிக்கென்றே தனி மருத்துவமனைப் பிரிவு முதன்முதலில் 1945ஆம் ஆண்டில் நியூயார்க்கின் மான்டிஃபியோர் மருத்துவமனையில் ஆர்னல்டு ஃபிரீடுமன் என்பவரால் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டு முதல் தலைவலி மருத்துவத்துக்குத் தனித் தகுதிச் சான்று வழங்கப்படுகிறது.

இடைவிட்ட ஒற்றைத் தலைவலியைப் பொது மருத்துவரே நன்கு கையாளலாம். மாதத்தில் பாதி நாட்கள் வலி இருத்தல், வாரத்தில் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் வலிநிவாரணி தேவைப்படுதல், ஒன்றிரண்டு தடுப்பு மருந்துகள் பயனளிக்காமை, நோய் எதுவென்பதில் ஐயம் ஆகியன சிறப்பு மருத்துவரை நாடவேண்டிய நிலைகள்.

உடனடி மருத்துவம் தேவைப்படும் அறிகுறிகள்

கீழ்க்காணும் நிலைகளில் சந்திப்பு நாளுக்காகக் காத்திருத்தல் கூடாது. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தை எட்டும் இடி போன்ற தலைவலி மூளையுறைக்குள் இரத்தக் கசிவைக் குறிக்கக்கூடும். காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, கை கால் வலுவிழத்தல், பேச்சுக் குழறல், வலிப்பு, மயக்கம், தலையில் அடிபட்டபின் மிகும் வலி ஆகியவற்றுக்கும் அவசரச் சிகிச்சைப் பிரிவையே நாடவேண்டும். கருவுற்றிருக்கும்போதோ பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலோ புதிதாகத் தோன்றும் கடுந்தலைவலி மூளைச் சிரைகளில் இரத்தம் உறைதலால் வரலாம். இந்திய மருத்துவமனைகளில் இது நன்கு அறியப்பட்ட நோய். "பிள்ளை பெற்ற உடம்பு, குளிர் பட்டுவிட்டது" என்று வீட்டிலேயே வைத்திருப்பது ஆபத்தானது. 50 வயதுக்குமேல் முதன்முறையாகத் தொடங்கும் தலைவலி, புற்றுநோயோ எச்.ஐ.வி. தொற்றோ உடையவருக்குப் புதிதாக வரும் தலைவலி ஆகியனவும் விரைந்து ஆராயப்படவேண்டியவை.

தலைவலி நாட்குறிப்பு

சிறப்பு மருத்துவருக்கு மிகவும் பயன்படும் ஆவணம், தடித்த ஸ்கேன் உறை அன்று; நோயாளி தம் கையால் எழுதிய நாட்குறிப்பே ஆகும். குறைந்தது ஒரு மாதம், இயன்றால் மூன்று மாதம் எழுதியிருத்தல் நலம். ஒவ்வொரு நாளும் வலி இருந்ததா, எத்தனை மணி நேரம், மிதமா கடுமையா, குமட்டல் இருந்ததா, எந்த மாத்திரை எத்தனை, பெண்களாயின் மாதவிடாய் நாள் எது என்பன போதுமானவை. நாட்காட்டித் தாளில் எழுதினாலும் கைப்பேசிச் செயலியில் குறித்தாலும் ஒன்றே.

இங்கு பெரும்பாலோர் செய்யும் பிழை, கடுமையான நாட்களை மட்டும் எண்ணுவது. எடுத்துக்காட்டாக ஒருவர், "மாதத்தில் ஆறு நாள் தலைவலி" என்கிறார். படுத்த படுக்கையாகக் கிடந்த நாட்கள் அந்த ஆறு. மந்தமான கனத்துடன் அலுவலகம் சென்ற பதினான்கு நாட்களை அவர் தலைவலியாகக் கருதவே இல்லை. அவை அவருக்கு வழக்கமான நாட்களாகிவிட்டன. ஆறு நாள் என்று பதிவானால் அவருக்கு இடைவிட்ட ஒற்றைத் தலைவலி. இருபது நாள் என்று பதிவானால், அவற்றுள் எட்டு நாட்களாவது ஒற்றைத் தலைவலியின் இயல்புடன் இருந்தால், நாட்பட்ட ஒற்றைத் தலைவலி. ஒரே மனிதர், ஒரே வலி. ஆனால் மருத்துவம் முற்றிலும் வேறு. ஆகவேதான் அனுபவமிக்க மருத்துவர்கள் "எத்தனை நாள் வலித்தது?" என்பதுடன் நில்லாமல், "மாதத்தில் எத்தனை நாள் தலை முழுத் தெளிவாக இருந்தது?" என்றும் கேட்கின்றனர். இக்கேள்விக்கு விடை சொல்லத் தொடங்கும்போதுதான் பலர் தம் நிலையை முதன்முறையாக உணர்கின்றனர்.

மென்பொருள் பிழையைத் துப்பறிவோர் பதிவுக் கோப்பைத் தேடுவதை இது ஒத்தது. "சில நேரம் நின்றுவிடுகிறது" என்ற முறையீட்டை மட்டும் கொண்டு எவராலும் எதையும் திருத்த இயலாது.

நாட்குறிப்பு தூண்டுதல்களைக் கண்டறியவும் உதவும். பசி, விரதம், தூக்கக் குறைவு, வெயில், மாதவிடாய், வேலைப் பளு ஆகியன பொதுவானவை. தலைக்குக் குளித்தால் வலி வருவதாக இந்தியப் பெண்கள் பலர் கூறுவதுண்டு. எனினும் ஒவ்வொன்றாக உணவுகளை விலக்கிக்கொண்டே போவதில் பயன் குறைவு. தூண்டுதல் எனத் தோன்றுபவை சில வேளை தாக்குதலின் தொடக்க அறிகுறிகளாகவே இருக்கும். வலிக்கு முன் எழும் இனிப்பு வேட்கை இதற்கு எடுத்துக்காட்டு. வலி வந்தபின் பழி மட்டும் சாக்லேட்டின் மேல் விழுகிறது.

முதல் சந்திப்பு

முதல் சந்திப்பின் பெரும்பகுதி உரையாடலிலேயே கழியும். வலி தொடங்கிய வயது, குடும்பத்தில் எவருக்கேனும் உண்டா, மாதந்தோறும் வலி எவ்வாறு மாறியது, இதுவரை உட்கொண்ட மருந்துகள் எவை என்பன கேட்கப்படும். கடைசிக் கேள்விக்கு "ஒரு வெள்ளை மாத்திரை" என்பது விடையாகாது. மருந்தின் பெயர், அளவு, எத்தனை வாரம் உட்கொண்டது, ஏன் நிறுத்தப்பட்டது ஆகிய நான்கும் தேவை. பழைய மருந்துச் சீட்டுகளைக் கொண்டுசெல்வது எளிய வழி. ஆஸ்துமா, சிறுநீரகக் கல், மனச்சோர்வு, இரத்த அழுத்தம், கருத்தடை மாத்திரை ஆகியவற்றையும் கேட்கப்படாவிடினும் கூறவேண்டும். மருந்துத் தேர்வை இவையே முடிவு செய்கின்றன. ஆராவுடன் கூடிய ஒற்றைத் தலைவலி உடைய பெண்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தவிர்க்கவேண்டும் என உலக நலவாழ்வு அமைப்பு வழிகாட்டுகிறது. பக்கவாதத்துக்கான வாய்ப்பு மிகுவதே காரணம்.

வலியால் வாழ்க்கை எவ்வளவு முடங்கியுள்ளது என அளக்க மிடாஸ் என்னும் வினாப்பட்டியல் பயன்படுகிறது. கடந்த மூன்று மாதங்களில் வேலை, வீட்டுப்பணி, குடும்ப நிகழ்வுகள் ஆகியவற்றில் இழந்த நாட்களை ஐந்து கேள்விகளில் இது எண்ணுகிறது. 21 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்பெண் கடும் முடக்கத்தைக் காட்டும்.

பின்னர் உடல் பரிசோதனை. இரத்த அழுத்தம், கண் அசைவு, கை கால் வலு, அனிச்சைச் செயல்கள், நடை ஆகியன பார்க்கப்படும். கண்ணின் உட்புறத்தைக் கருவி கொண்டு பார்ப்பது இன்றியமையாதது. பார்வை நரம்பின் முனை வீங்கியிருந்தால் மண்டைக்குள் அழுத்தம் மிகுந்துள்ளது எனப் பொருள். உடற்பருமன் மிக்க இளம்பெண்களிடம் இது நாட்பட்ட ஒற்றைத் தலைவலி போலவே தோன்றி, கவனிக்காவிடில் பார்வையைப் பறித்துவிடும்.

ஸ்கேன் தேவையா

நோயாளிகள் மிகுதியாகக் கேட்பது இதுவே. தலைவலி நெடுநாளாக ஒரே வகையில் இருந்து, ஒற்றைத் தலைவலியின் வரையறைக்குப் பொருந்தி, உடல் பரிசோதனையும் இயல்பாக இருப்பின் படமெடுக்கவேண்டிய தேவை இல்லை என அமெரிக்கத் தலைவலிச் சங்கம் 2013ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. ஒற்றைத் தலைவலி எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிவதில்லை. எனவே "ஸ்கேனில் ஒன்றுமில்லை" என்ற அறிக்கை, வேறு நோய் இல்லை என்பதை மட்டுமே கூறுகிறது. வலி இல்லை என்று கூறவில்லை. இவ்வேறுபாட்டை உறவினர்களுக்கு விளக்கிக் கூறுவதும் மருத்துவரின் பணிகளுள் ஒன்றாகும். அபாய அறிகுறி இருந்தாலோ வலியின் போக்கு அண்மையில் மாறியிருந்தாலோ படமெடுப்பது முறையே.

வலிநிவாரணி மிகைப்பயன்பாடு

தலைவலிக்கு உட்கொள்ளும் மருந்தே தலைவலியை நிலைக்கச் செய்யும் என்பது நம்புவதற்குக் கடினமான செய்தி. பாரசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்ற எளிய வலிநிவாரணிகளை மாதம் 15 நாட்களோ அதற்கு மேலோ, டிரிப்டான்கள், எர்கோட்டமின், ஓப்பியாய்டுகள், கூட்டு மாத்திரைகள் ஆகியவற்றை மாதம் 10 நாட்களோ அதற்கு மேலோ மூன்று மாதங்களுக்கு மேலாக உட்கொள்வோருக்கு இந்நிலை ஏற்படலாம். இங்கு எண்ணப்படுவது மாத்திரைகள் அல்ல, நாட்கள். ஒரே நாளில் மூன்று மாத்திரை உட்கொள்பவரைவிட, நாள்தோறும் ஒன்று வீதம் உட்கொள்பவரே மிகுந்த இடருக்கு உள்ளாகிறார். தலைவலியே இல்லாமல் மூட்டுவலிக்காக நாள்தோறும் வலிநிவாரணி உட்கொள்வோருக்குப் பொதுவாக இது ஏற்படுவதில்லை.

இந்தியாவில் எர்கோட்டமின், காஃபீன், பாரசிட்டமால், வாந்தியைத் தடுக்கும் மருந்து ஆகிய நான்கும் ஒன்றாகக் கலந்த மாத்திரைகள் விற்பனையில் உள்ளன. ஒருமுறை எழுதித்தந்த சீட்டைக் கொண்டே ஆண்டுக்கணக்கில் இவற்றை வாங்குவோர் உண்டு. இவை கூட்டு மாத்திரைகள் ஆதலால் 10 நாள் வரம்பே பொருந்தும். உட்கொண்டு முடித்த மாத்திரை அட்டைகளைத் தூக்கி எறியாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்துச் சந்திப்பின்போது எடுத்துச் சென்றால், நினைவில் தப்பியது கண்ணில் தெரியும்.

மருந்தை நிறுத்தியதும் 2 முதல் 10 நாட்கள் வரை வலி முன்னைவிட மிகும். இதை முன்கூட்டியே அறியாதவர் மூன்றாம் நாளே மருந்துக் கடைக்குச் சென்றுவிடுவார். ஓப்பியாய்டு உட்கொண்டோர் மருத்துவக் கண்காணிப்பில் படிப்படியாகவே குறைக்கவேண்டும். முழுதும் நிறுத்துவது கட்டாயமா என்பதில் மருத்துவரிடையே ஒருமித்த கருத்து இல்லை. 720 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2022ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், தடுப்பு மருந்துடன் வலிநிவாரணியை மாற்றிக் கட்டுப்படுத்தியோரும், தடுப்பு மருந்து மட்டும் தொடங்கியோரும் ஏறத்தாழ ஒரே அளவு நலம் பெற்றனர்.

தடுப்பு மருத்துவம்

வலி வந்தபின் உட்கொள்ளும் மருந்து வேறு, வராமல் தடுக்க நாள்தோறும் உட்கொள்ளும் மருந்து வேறு. நாட்பட்ட நிலையில் இரண்டாவதே முதன்மையானது. பழைய தடுப்பு மருந்துகளுள் பெரும்பாலானவை வேறு நோய்களுக்காக உருவானவை. புரோப்ரனலோல் இதய நோய்க்கும், அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும், டோபிராமேட், வால்புரோயேட் ஆகியன வலிப்புக்கும் தோன்றியவை. மருந்தகத்தில் தாளைப் படித்துவிட்டு, "எனக்கு ஏன் வலிப்பு மருந்து?" என்று அஞ்சி அன்றே நிறுத்துவோர் பலர். ஒரு வரி விளக்கத்தால் இதைத் தவிர்க்கலாம்.

ஆஸ்துமா உடையோருக்குப் புரோப்ரனலோல் ஆகாது. அமிட்ரிப்டிலின் உறக்கத்தையும் வாய் உலர்வையும் உடல் எடையையும் கூட்டும். தூக்கமின்றி வாடுவோருக்கு இதுவே நன்மையாகவும் அமையும். டோபிராமேட் எடையைக் குறைக்கும், விரல் நுனிகளில் மரமரப்பைத் தரும், சிறுநீரகக் கல்லை உண்டாக்கக்கூடும், சொற்கள் வாயில் வராமல் தடுமாறச் செய்யும். இந்தியாவில் பெரிதும் எழுதப்படும் ஃபுளூனாரிசின் எடையைக் கூட்டுவதுடன் மனச்சோர்வையும் தரவல்லது. வால்புரோயேட், டோபிராமேட் இரண்டும் கருவுக்கு ஊறு விளைவிப்பவை. ஆதலால் கருத்தரிக்க விரும்பும் பெண்கள் அதை முதல் சந்திப்பிலேயே கூறிவிடவேண்டும்.

எம்மருந்தும் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல உயர்த்தப்படுகிறது. பயன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். இரண்டு வாரத்தில் "கேட்கவில்லை" என்று நிறுத்திய மருந்து, தோற்ற மருந்து அன்று. முறையாக முயன்று பார்க்கப்படாத மருந்து. நோய் அடியோடு மறைவதை எதிர்பார்ப்பதும் ஏமாற்றத்தையே தரும். தலைவலி நாட்கள் பாதியாகக் குறைவது நல்ல விளைவு எனக் கருதப்படுகிறது.

புதிய மருத்துவ முறைகள்

போட்டுலினம் நச்சு ஊசி நாட்பட்ட ஒற்றைத் தலைவலிக்கென 2010ஆம் ஆண்டில் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. நெற்றி, பொட்டு, பிடரி, கழுத்து, தோள் ஆகிய பகுதிகளில் 31 இடங்களில் மொத்தம் 155 அலகு, 12 வாரங்களுக்கு ஒருமுறை செலுத்தப்படுகிறது. முகச் சுருக்கம் நீக்க இடும் ஊசியும் இதே மருந்தே ஆயினும் இடங்களும் அளவும் வேறு. பயிற்சி பெற்ற மருத்துவரே இதைச் செலுத்தவேண்டும்.

சி.ஜி.ஆர்.பி. எனச் சுருக்கி அழைக்கப்படும் நரம்புப் பெப்டைடு தலைவலியின்போது வெளியாகிறது என்ற கண்டுபிடிப்பு, இந்நோய்க்கென்றே தடுப்பு மருந்துகளை உருவாக்க வழிவகுத்தது. இப்பெப்டைடையோ அதன் ஏற்பியையோ தடுக்கும் எரெனுமாப், ஃபிரெமனெசுமாப், கால்கனெசுமாப் ஆகிய ஊசி மருந்துகள் 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. வாய்வழி மருந்தாகிய அட்டோகெபான்ட் நாட்பட்ட வகைக்கு 2023ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது. இத்துறையில் உழைத்த லார்சு எட்வின்சன், பீட்டர் கோட்ஸ்பி, மைக்கேல் மாஸ்கோவிட்ஸ், யெஸ் ஓலெசன் ஆகிய நால்வருக்கு 2021ஆம் ஆண்டின் மூளைப் பரிசு வழங்கப்பட்டது. இவ்வகை மருந்துகளை முதல் நிலையிலேயே தரலாம் என அமெரிக்கத் தலைவலிச் சங்கம் 2024ஆம் ஆண்டில் அறிவித்தது. பக்கவிளைவுகள் குறைவு, எனினும் விலை பழைய மருந்துகளைவிடப் பன்மடங்கு மிகுதி.

தொடர் சந்திப்புகள்

இரண்டாம் சந்திப்பு வழக்கமாக ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் அமையும். அப்போதும் நாட்குறிப்பே பேசும்: கடும் வலி நாட்கள், மாத்திரை நாட்கள், முழுத் தெளிவான நாட்கள் ஆகியன முன்மாதத்துடன் ஒப்பிடப்படும். "கொஞ்சம் தேவலை" என்ற சொல்லைவிட "இருபது நாள் பன்னிரண்டு ஆயிற்று" என்ற கணக்கைக் கொண்டே மருந்தின் அளவைக் கூட்டுவதா, மாற்றுவதா என முடிவு செய்ய இயலும். நலம் நிலைத்தால் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குப் பின் மருந்தைப் படிப்படியாகக் குறைத்துப் பார்ப்பது வழக்கம். குறைக்கும் மாதங்களிலும் நாட்குறிப்பு எழுதப்படவேண்டும். வலி நாட்கள் மீண்டும் ஏறத் தொடங்குவது முதலில் அதில்தான் தெரியும்.